இரவுக் கூத்து (காஞ்சிபுரம் வட்டாரம்)

இரவுக் கூத்து என்பது வட தமிழகத்து ஊர்களில் இரவு பத்து மணியளவில் தொடங்கிப் பொழுது விடியும்வரை நிகழ்த்தப்படும் கட்டைக்கூத்து அல்லது தெருக்கூத்து ஆகும். காஞ்சிபுரம், செய்யாறு, வாலாஜாபாத் சுற்றுவட்டாரங்களில் இது கோயில் திருவிழா, நேர்த்திக்கடன், நீத்தார் சடங்கு ஆகியவற்றையொட்டி நடத்தப்படுகிறது. பார்வையாளர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. செலவை ஊரோ ஒரு குடும்பமோ ஏற்கிறது.

பெயர்

கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தாளும் ஒட்டிய கிரீடம், தோளணி, மார்புப் பதக்கம் ஆகியவை 'கட்டை' எனப்படும். இவற்றை அணிந்து வரும் அரசர், வீரர் வேடங்கள் கட்டை வேடங்கள். கட்டைக்கூத்து என்ற பெயர் இதிலிருந்து வந்தது. தெருக்கூத்து என்ற பெயரே பரவலாக அறியப்பட்டதாயினும், கலைஞர்களில் ஒரு சாரார் அதைத் திருவிழாவின்போது தெருக்களில் ஊர்வலமாகச் சென்று ஆடுவதற்கு மட்டும் வழங்குகின்றனர். ஓரிடத்தில் நின்று இரவு முழுவதும் கதை நடத்துவதைக் கட்டைக்கூத்து என்கின்றனர்.

ஏற்பாடு

கூத்துக் குழு 'ஜமா' அல்லது 'நாடக மன்றம்' எனப்படும். அதன் தலைவர் வாத்தியார். ஊர்ப் பெரியவர்களோ சடங்கு நடத்தும் குடும்பத்தாரோ வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுத்து நாளையும் கதையையும் உறுதி செய்வர். எந்தக் கதை என்பது நிகழ்ச்சியின் காரணத்தைப் பொறுத்தது.

* நீத்தார் சடங்கு: பெரும்பாலும் கர்ண மோட்சம். போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுவதும், களத்தில் அவன் உயிர் பிரிவதும் இறந்தவரை வழியனுப்பும் செயலாகக் கொள்ளப்படுகின்றன.
* திரௌபதி அம்மன் திருவிழா: பகலில் வில்லி பாரதத்தை அடியொற்றிய பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து எனப் பல நாள் நடக்கும். அர்ச்சுனன் தபசில் உயர்ந்த தபசு மரத்தின்மேல் நடிகர் ஏறுவார். இறுதி நாளில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தருகே படுகளம் நடைபெறும். அதைத் தொடர்ந்து தீமிதி.

களரியும் இசையும்

ஆடுமிடம் 'களரி' எனப்படும். கோயில் முன்றிலோ, ஊர்ப் பொதுவிடமோ, அறுவடை முடிந்த நிலமோ களரியாகும். பார்வையாளர் மூன்று பக்கமும் பாய் விரித்து அமர்வர். பின்புறம் ஆர்மோனியம், மிருதங்கம், தோலக்கு, முகவீணை, தாளம் ஆகியவற்றுடன் இசைக்குழு இருக்கும். அதற்கும் பின்னால் ஒப்பனை இடம். முன்பு தீவட்டியும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் தந்த வெளிச்சத்தை இன்று மின்விளக்குகள் தருகின்றன.

இரவின் வரிசை

முதலில் வாத்திய இசையுடன் களரி கட்டுதல், பிறகு கடவுள் வாழ்த்து. அடுத்து வரும் கட்டியக்காரன் கதையை அறிமுகப்படுத்துவார். வேடிக்கை பேசுவார், ஊர் நடப்பைக் கிண்டல் செய்வார், தூங்குபவர்களை எழுப்புவார், அரசனுக்குச் சேவகனாகவும் நிற்பார். முக்கிய வேடங்கள் இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் பாடித் தம்மை அறிவித்த பிறகே முன்னே வரும்.

முன்னிரவு அறிமுகங்களுக்கும் நகைச்சுவைக்கும் உரியது. கதையின் கனமான பகுதிகள் நள்ளிரவுக்குப் பின்னரே வருகின்றன. எனவே பன்னிரண்டு மணிக்கு எழுந்து செல்பவர் கதையின் தொடக்கத்தை மட்டுமே பார்த்தவராவார். திரௌபதியின் துகிலுரியும் கட்டத்தில் ஆட்டம் நின்றுவிடும். துச்சாதனனாக நடிப்பவர் கற்பூரம் ஏற்றி, தான் செய்யப்போவதற்கு அம்மனிடம் மன்னிப்பு வேண்டிய பின்னரே சேலையில் கை வைப்பார். நடிகருக்கோ பார்ப்பவருக்கோ அருள் வருவதும் உண்டு. கர்ண மோட்சத்தில் கர்ணன் விழுவது கிழக்கு வெளுக்கும் நேரத்தையொட்டி அமையும்.

தொழிற்சாலை நேரமும் கூத்து நேரமும்

வாலாஜாபாத் பாலாற்றை ஒட்டி, செங்கல்பட்டு – அரக்கோணம் தொடர்வண்டிப் பாதையில் அமைந்துள்ளது. இதன் வடகிழக்கே ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதிகளில் வாகனம், உதிரிபாகம், மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. உழவு வேலையில் அறுவடைக்குப் பின் ஓய்வுக் காலம் உண்டு. கோடையில் கூத்துக்கள் மிகுந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஷிப்ட் வேலைக்கு அத்தகைய பருவம் கிடையாது. முதல் ஷிப்ட்டுக்குச் செல்பவர் விடியுமுன் பேருந்து ஏற வேண்டும். கர்ணன் சாகும் நேரமும் அதுவே.

கூத்தை இரண்டு மூன்று மணி நேரமாகச் சுருக்கலாம் என்ற கருத்து இதனால் எழுகிறது. நகர மேடைகளில் அவ்வாறு சுருக்கி நடத்தப்படுவதும் உண்டு. ஆனால் சடங்குக் கூத்தில் இரவு என்பது வெறும் கால அளவன்று. இறந்தவருக்காகவோ அம்மனுக்காகவோ விழித்திருப்பதே நேர்த்தியின் ஒரு பகுதி. பாதியில் முடிந்த கர்ண மோட்சம் மோட்சமாகாது. இளைஞர்கள் வர முடியாத இரவில் களரியின் முன் முதியவர்களும் குழந்தைகளுமே மிஞ்சுவர். அடுத்த தலைமுறையில் வெற்றிலை பாக்கு வைத்து ஜமாவை அழைப்பவர் யார் என்ற கேள்வியும் இதில் அடங்கியுள்ளது.

பயிற்சியும் பெண்களும்

காஞ்சிபுரம் அருகே புஞ்சை அரசன்தாங்கலில் இயங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் தொடங்கப்பட்டது. பெருங்கட்டூர் மரபில் வந்த பி. ராஜகோபாலும் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹன்னா டி புருயினும் இதில் முதன்மையானவர்கள். 2002-இல் தொடங்கிய குருகுலத்தில் பள்ளிக் கல்வியும் கூத்தும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. ஆண்களே பெண் வேடமும் கட்டிவந்த கலையில் பெண் பிள்ளைகளும் பயிற்சி பெற்று மேடையேறினர். செய்யாறு பகுதியின் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழிவந்த குழு மற்றொரு புகழ்பெற்ற மரபாகும். ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் நிறுவிய கூத்துப்பட்டறை இம்மரபிலிருந்து பெரிதும் கற்றுக்கொண்டது.

பார்க்கச் செல்வோர் கவனத்துக்கு

கூத்து நடக்கும் நாளை ஊர்ச் சுவரொட்டி, கோயில் திருவிழா அழைப்பிதழ் ஆகியவற்றால் அறியலாம். மறுநாள் விடுப்பு அல்லது இரண்டாம் ஷிப்ட் உள்ள இரவைத் தேர்வது வசதி. பாய், போர்வை, குடிநீர் கொண்டு செல்வது வழக்கம். இரவில் திரும்பப் பேருந்து இராது என்பதால் விடியற்காலைப் பேருந்தையே கணக்கில் கொள்ள வேண்டும். முழு இரவும் இருக்க இயலாதவர் முன்னிரவில் தூங்கி நள்ளிரவுக்குப் பின் வருவது நல்லது. களரியருகே படுத்துறங்கி முக்கியக் கட்டத்தில் எழுந்து பார்ப்பதும் ஊர் வழக்கமே. அதைக் குறையாக எவரும் கருதுவதில்லை. நீத்தார் சடங்கில் நடக்கும் கூத்து துக்க வீட்டின் நிகழ்ச்சி என்பதால், வீட்டாரின் ஒப்புதல் பெற்றே படம் எடுக்க வேண்டும்.