நிரலாளர் அவைகளும் அவர்தம் பட்டங்களும்

மென்பொருள் இயற்றுவோர் தத்தம் ஊர்களிற் கூடித் தம் தொழில்பற்றி அளவளாவும் கூட்டங்கள் இந்நாளிற் பலவாகப் பெருகியுள்ளன. அவற்றை 'மீட்டப்' என்றே யாவரும் வழங்குகின்றனர். கணினிப் பாடம் பயிலும் நம் நண்பர் சிலர் அவற்றிற்குச் சென்று மீள்வதும், ஆங்குப் பெற்ற சான்றிதழையும் சட்டையையும் விடுதியிற் காட்டி மகிழ்வதும் நாமனைவரும் கண்டதே. தமிழ் பயிலும் உமக்கு இதில் யாது தொடர்பு என வினவுவாரும் உளர். புலவரவையும், அரங்கேற்றமும், அவையோர் அளிக்கும் பட்டமும் பற்றிப் படிப்பவர் யாம். ஆகலின், பிறிதொரு தொழிலார் தம் அவையை எங்ஙனம் நடத்துகின்றனர், பட்டத்தை எதற்காக வழங்குகின்றனர் என்றறியும் விருப்பம் எமக்குளதாயிற்று.

இத்தகைய கூட்டங்களுள் முன்னோடியாகப் பெரிதும் பேசப்படுவது 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' என்பதாம். 1975-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 5-ஆம் நாளிரவு, அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலுள்ள மென்லோ பார்க் என்னும் ஊரில், கார்டன் பிரெஞ்சு என்பவரது மோட்டார்க் கொட்டகையில் அது முதன்முதற் கூடிற்று. பிரெட் மூர் என்பவரும் அவருமே அதனைக் கூட்டினோர். வந்திருந்தோர் ஏறத்தாழ முப்பதின்மர். வாங்குவோர் தாமே பூட்டிக்கொள்ளும்படி பாகங்களாக விற்கப்பெற்ற 'ஆல்டேர் 8800' என்னும் சிறு கணினியைச் சூழ்ந்து அன்றைய பேச்சு நிகழ்ந்தது. கணினி என்பது பெருநிறுவனங்களுக்கே உரிய பொருளாயிருந்த காலம் அது. ஒருவன் தன் வீட்டில் அதனை வைத்திருத்தல் கூடும் என்னும் எண்ணமே அவர்களுக்குப் புதுமையாயிருந்தது.

வரவர உறுப்பினர் தொகை பெருகவே, ஸ்டான்போர்டிலுள்ள துகள்முடுக்கி ஆய்வுநிலையத்தின் அரங்கிற்குக் கூட்டம் மாற்றப்பெற்றது. அவையை நடத்திய லீ பெல்சென்ஸ்டீன் என்பவர் கையாண்ட முறை எமக்கு மிகவும் பிடித்திருந்தது. முற்பகுதியில், அவையோர் ஒவ்வொருவராக எழுந்து, தாம் செய்துவரும் வேலை யாது, தமக்கு வேண்டுவது யாது, தம்மாற் பிறர்க்குக் கொடுக்கலாவது யாது என்பவற்றைச் சுருங்கச் சொல்லுவர். யார் எதனை அறிவார் என்பது இதனால் அனைவர்க்கும் புலனாகும். பிற்பகுதியில் ஒழுங்கு யாதுமில்லை. வேண்டியவர் வேண்டியவரைத் தேடிச் சென்று பேசிக்கொள்வர். நம் கல்லூரி மன்றங்களில் தலைவர் முன்னுரையும் முடிவுரையும் பொழுதையெல்லாம் உண்டுவிடுதலை எண்ணுங்கால், இம்முறையை ஒருமுறையேனும் ஈண்டு நடத்திப் பார்த்தல் நன்றென்றே தோன்றுகிறது.

இங்கே குறிக்கத்தக்கதொன்றுண்டு. ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய ஸ்டீவ் வாஸ்னியாக் இக்கழகத்தின் முதற்கூட்டத்திற்கே வந்திருந்தவர். ஆயினும், அவையில் எழுந்து பேச நாணியவர். அவர் செய்ததெல்லாம், தாம் அமைத்த கருவியைக் கொணர்ந்து மேசைமீது வைத்துக் காத்திருந்ததே. கண்டவர் தாமே வந்து வினவினர். அதன் அமைப்பு வரைபடத்தையும் அவர் கேட்டார்க்கு விலையின்றி வழங்கினார். 1976-இல் 'ஆப்பிள் 1' என விலைக்கு வந்தது அக்கருவியே. அவையில் நாவெழாது, அதிலும் ஆங்கிலத்தில் நாவெழாது, இத்தகைய கூட்டங்களின் வாயிலிலேயே தயங்கி நிற்கும் நண்பர் எம்முட் பலராதலின் இதனை விரித்துரைத்தோம்.

கொடையினும் தகராறுண்டு. அவ்வுறுப்பினர் சிலர், ஆல்டேருக்கென விலைக்கு விற்கப்பெற்ற 'பேசிக்' மொழிநிரலையும் படியெடுத்துப் பகிர்ந்துகொண்டனர். அதனை இயற்றியவருள் ஒருவராகிய பில் கேட்ஸ் 1976-இல் வெகுண்டு ஒரு வெளிப்படைக் கடிதம் எழுதினார். தன் உழைப்பைத் தானே முன்வந்து கொடுத்தலும், பிறன் உழைப்பை அவன் உடன்பாடின்றிப் பகிர்தலும் ஒன்றாகா. அவர் சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. அக்கழகம் 1986 வரை நடைபெற்றது.

இக்காலக் கூட்டங்களில் இருவரோ மூவரோ அரைமணி நேர அளவிற் பேசுவர். பின்னர் ஐந்து நிமிடச் சிறுபேச்சுக்கள் உண்டு. நுழைவுக்கட்டணம் பெரும்பாலும் இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் ஐ.ஐ.டி. வளாகத்திற் பல்லாண்டுகள் மாதந்தோறும் கூடிவந்தமை பலரறிந்தது. புதிதாகச் செல்வோன் முதற்சில மாதங்கள் கேட்டலே போதும். தான் ஒரு நிரலை எழுதுங்கால் எங்கே இடறினான், எவ்வாறு மீண்டான் என்பதொன்றே ஐந்து நிமிடப் பேச்சுக்குத் தக்க பொருளாம். கூட்டத்திற்கு இடந்தேடுதல், நாற்காலியிடுதல், பேசியவற்றைக் குறித்துவைத்தல் ஆகியவற்றிற்கு ஆள் கிடைப்பது அரிதாகலின், அவற்றை மேற்கொள்பவன் விரைவில் அனைவர்க்கும் அறிமுகமாவன்.

இனிப் பட்டங்களைக் காண்போம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 1993 முதல் எம்.வி.பி. என்னும் பட்டத்தை வழங்கிவருகின்றது. அந்நிறுவனத்தின் பொருள்களைப் பயன்படுத்துவோர்க்கு எழும் ஐயங்களை ஊதியமின்றித் தீர்த்துவைப்போர்க்கு அது கொடுக்கப்பெறும். பட்டம் ஓராண்டிற்கே உரியது. மறுவாண்டும் பெறுதற்கு அவ்வாண்டுத் தொண்டு புதிதாக ஆராயப்படும். 1999-இல் நிறுவனத்தார் இதனை நிறுத்தக் கருதியபோது எழுந்த எதிர்ப்பினால், மூன்றே நாளில் அம்முடிவைக் கைவிட்டனர். பெற்றோர் அதனைப் பெரிதாக மதித்தனர் என்பது இதனால் விளங்கும். ஆயினும், சம்பளம் கொடுத்துச் செய்விக்கவேண்டிய வேலையின் ஒரு பகுதியைப் பட்டம் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளுதலும் இதனுள் அடங்கியிருத்தலை மறைத்தற்கில்லை. புரவலனுக்கும் புலவனுக்கும் இருந்த உறவைப் படித்தவர்க்கு இது வியப்பன்று.

பரிசே முன்னும் தொண்டு பின்னுமாக மாறிவிடின் நேர்வதென்ன என்பதற்கு 'ஹேக்டோபர்பெஸ்ட்' சான்றாகும். டிஜிட்டல் ஓஷன் என்னும் நிறுவனம் 2014-இல் தொடங்கியது அது. யாவரும் பயன்படுத்துமாறு திறந்துவைக்கப்பெற்ற நிரல்களில் திருத்தம் வேண்டுமிடத்து, அதனை எழுதி உரியவர்க்கு அனுப்பும் விண்ணப்பத்தைப் 'புல் ரிக்வெஸ்ட்' என்பர். 2020-இல், அக்டோபர் மாதத்தினுள் அத்தகைய விண்ணப்பம் 4 அனுப்புவோர்க்குச் சட்டை ஒன்று உண்டு என்றனர். உடனே பல்லாயிரவர், விளக்கக் குறிப்பின் தலைப்பில் ஒரு புகழ்ச்சிச் சொல்லைச் செருகுதல், ஓர் இடைவெளியை நீக்குதல் போன்றவற்றையே திருத்தமென அனுப்பலாயினர். ஊதியமின்றி நிரல்களைப் பேணுவோர் இரவும் பகலும் இப்பதரைப் புடைத்தெறிவதிலேயே களைத்தனர். இந்தியாவில் வெளியான பயிற்சிக் காணொளியொன்றைப் பார்த்துச் செய்தோர் அவருட் பலர் என்பது நம்மனோர்க்குத் தலைகுனிவே. மாதத்தின் மூன்றாம் நாளிலேயே விதி மாற்றப்பெற்று, விரும்பி இசைந்தோர் நிரல்கள் மட்டுமே கணக்கிற் கொள்ளப்பெற்றன. 2023-இற் சட்டையும் நிறுத்தப்பெற்று, இலக்கமுறைச் சின்னமே வழங்கப்பெற்றது.

இதற்கு வேறான விருதொன்று நம் நாட்டிலேயே உளது. பைத்தான் என்னும் நிரல்மொழியை இந்தியாவிற் பரப்ப உழைத்தவரும், அம்மொழியாளர் சங்கம் அமைதற்கு முன்னின்றவருமாகிய கென்னத் கன்சால்வஸ் என்பவர் 2012-இல் மறைந்தார். அவர் நினைவாக அச்சங்கத்தார் அவ்வாண்டே ஒரு விருதை ஏற்படுத்தினர். நிறுவனத்தார் தம் பொருள் பொருட்டு அளிப்பதன்று அது; உடனுழைப்போர் தம்முள் ஒருவர்க்கு அளிப்பது. 2009 முதல் நிகழ்ந்துவரும் 'பைகான் இந்தியா' மாநாட்டில் அது வழங்கப்பெறும். தக்காரொருவர் பெயரை முன்மொழிவோர், அவர் இதுகாறும் செய்தது யாதென எழுதி விளக்குதல் வேண்டும்.