நகரின் பெருந்திட்டமும் நடந்து செல்வோரின் உயிரும்
டில்லி மாநகர் அளிக்கும் பாடம்

ஒரு நகரத்தின் வரைபடத்தை விரித்து நோக்கும்போது, சாலைகள் நமக்கு வெறுங் கோடுகளாகவே காட்சியளிக்கின்றன. அக்கோடுகளைக் கடந்துதான் குழந்தைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். முதியோர் மருந்து வாங்கச் செல்கின்றனர். தொழிலாளர் பஸ் நிறுத்தத்தை நாடுகின்றனர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 460 பேர் என்று இது கணக்காகின்றது. இவர்களுள் ஐவரில் ஒருவர் பாதசாரி. ஐவரில் இருவருக்கும் மேற்பட்டோர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். எனவே, ஒரு நகரின் நீண்டகாலத் திட்டத்தைப் புதுப்பித்தல் என்பது பொறியியலாளர்களின் காகித வேலை மட்டுமன்று. அது பொதுச் சுகாதாரப் பணியுமாகும்.

திட்டம் பிறந்த வரலாறு

டில்லியின் பெருந்திட்டத்திற்கும் பொதுச் சுகாதாரத்திற்கும் தொடக்கத்திலேயே தொடர்பு ஏற்பட்டது. 1955ஆம் ஆண்டின் இறுதியிலும் 1956ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அந்நகரில் மஞ்சட்காமாலை நோய் பெருவாரியாகப் பரவிற்று. கழிவு நீர், யமுனையாற்றில் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டியதே அதற்குக் காரணம். ஒழுங்கின்றி விரியும் நகரம் உயிர்களைப் பலி கொள்ளும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. 1956ஆம் ஆண்டில் ஓர் இடைக்காலத் திட்டம் தயாரிக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டின் டில்லி வளர்ச்சிச் சட்டத்தின்படி டில்லி வளர்ச்சி ஆணையம் நிறுவப்பட்டது. 1962ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி முதற் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது.

வாழிடமும் பணியிடமும் கடைவீதியும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இல்லாதவாறு நகரைப் பகுதி பகுதியாக அமைக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் முக்கியக் கருத்துக்களுள் ஒன்று. நேரு பிளேஸ் போன்ற மாவட்ட மையங்கள் இக்கருத்திலிருந்து தோன்றியவையே. பயணம் குறையுமாயின் நெரிசலும் புகையும் விபத்தும் குறையும் என்பது வெளிப்படை.

காலம் திட்டத்தை முந்திய விதம்

ஆனால் காலம் திட்டத்திற்காகக் காத்திருப்பதில்லை. 1961ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் டில்லிப் பிரதேசத்தின் மக்கள் தொகை சுமார் 26½ லட்சம். 1981இல் அது 62 லட்சம். 2011இல் 1 கோடியே 68 லட்சம். முதற் பெருந்திட்டம் 1981ஆம் ஆண்டு வரைக்குமென வகுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டை நோக்கிய இரண்டாவது திட்டமோ 1990ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டை நோக்கிய மூன்றாவது திட்டம் 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 2041ஆம் ஆண்டுக்குரிய வரைவு 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்பட்டது. ஒரு திட்டம் முடிவுற்று மற்றொன்று பிறப்பதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில் நகரம் தன் போக்கிலேயே வளர்ந்துவிடுகின்றது. அவ்வாறு வளர்ந்ததைப் பின்னர் திருத்துவது, முதலிலேயே செவ்வனே அமைப்பதைக் காட்டிலும் பன்மடங்கு கடினம்.

வேகத்தின் கணக்கு

திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டியதற்கு மக்கள் தொகை மட்டும் காரணமன்று. நமது அறிவும் வளர்ந்துள்ளது. முன்னாளில் சாலைத் திட்டத்தின் வெற்றியை வாகனங்களின் வேகத்தைக் கொண்டு அளந்தனர். 2006ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை இந்த அளவுகோலை மாற்றியது. வாகனங்களுக்கன்று, மக்களுக்கே சாலையில் முதலிடம் என்பது அதன் அடிப்படை.

இதன் விஞ்ஞானக் காரணத்தை எளிய கணக்கினால் விளக்கலாம். அபாயத்தைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு வினாடி ஆவதாகக் கொள்வோம். பிரேக் பிடித்தபின் வாகனத்தின் வேகம் வினாடிக்கு வினாடி 7 மீட்டர் வீதம் குறைவதாகவும் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், அந்த ஒரு வினாடியில் 8.3 மீட்டரும், பிரேக் பிடித்தபின் 5 மீட்டரும் ஓடி, ஆக 13.3 மீட்டரில் நின்றுவிடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரோ, பிரேக்கை அழுத்துவதற்கு முன்னரே 13.9 மீட்டர் ஓடிவிடுகின்றது. ஆகவே 14 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை சாலையில் இறங்குமாயின், முதற் கார் குழந்தைக்கு முன்னால் நின்றிருக்கும். இரண்டாவது கார் வேகம் அநேகமாகக் குறையாமலே குழந்தையின் மீது மோதும். மேலும், வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். பாதசாரி உயிரிழக்கும் அபாயம், மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 கிலோமீட்டராக வேகம் உயரும்போது ஏறத்தாழ நாலரை மடங்கு கூடுகின்றது என உலகச் சுகாதார நிறுவனம் எடுத்துக் காட்டியுள்ளது.

இக்கணக்கினை மனத்திற் கொண்டு டில்லியின் வட்டச்சாலையை நோக்குக. சந்திப்புக்களில் வாகனங்கள் நிற்காமற் செல்லும் பொருட்டு அங்கே மேம்பாலங்கள் கட்டப்பட்டன. சைகை விளக்கு இருந்தபோது, வாகனங்கள் நிற்கும் இடைவேளையில் மக்கள் சாலையைக் கடந்தனர். அவ்விளக்கு அகன்ற இடங்களில் அவ்விடைவேளையும் அகன்றது. நடைமேம்பாலத்தின் படிகளில் ஏறி இறங்குவது முதியவருக்கும் சுமை தூக்கிச் செல்பவருக்கும் எளிதன்று. ஆகவே அவர்கள் சாலையையே கடக்கின்றனர். இதனை அவர்களுடைய அறியாமை என்று மட்டும் கூறிவிடுதல் நியாயமாகாது. மனிதரின் இயல்பான நடையைக் கணக்கிற் கொள்ளாத அமைப்பே இங்குக் குறைபாடுடையது.

வென்றவையும் தவறியவையும்

டில்லியில் நன்மை பயத்த மாற்றங்களும் பல. 1998ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் விளைவாக, நகரின் டீசல் பஸ்கள் அழுத்தப்பட்ட இயற்கை வாயுவுக்கு மாற்றப்பட்டன. 2002ஆம் ஆண்டின் இறுதிக்குள் அம்மாற்றம் பெரும்பாலும் நிறைவுற்றது. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி ஷாதராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே மெட்ரோ ரயிலின் முதற் பகுதி திறக்கப்பட்டது. பின்னர் அதன் பாதைகள் 300 கிலோமீட்டருக்கும் மேலாக விரிந்தன. ஆயினும் ரயில் நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள நடைபாதை உடைந்தும் இருண்டும் கிடக்குமாயின், அந்நிலையத்தின் பயனில் ஒரு பகுதி வீணாகின்றது.

பஸ்களுக்கெனத் தனித்தடம் அமைத்த முயற்சியும் நினைவுகூரத் தக்கது. 2008ஆம் ஆண்டில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தொலைவுக்குச் சாலையின் நடுவில் பஸ்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பஸ் பயணிகள் காலத்தை மிச்சப்படுத்தினர். காரில் செல்வோரோ தங்கள் இடம் பறிபோயிற்று என்று வெகுண்டனர். நீதிமன்றம் வரை சென்ற அப்பூசல் ஓயவில்லை. 2016ஆம் ஆண்டில் அத்தடம் அகற்றப்பட்டது. ஒரே ஒரு சாலையில் மட்டும் செய்யப்படும் சீர்திருத்தம், நகர் முழுவதையும் தழுவிய திட்டத்தின் துணையும் மக்களின் தெளிவான ஒப்புதலும் இன்றி நிலைப்பது அரிது என்பதே இதனால் அறியப்படுவது.

இடத்தின் மதிப்பையும் நாம் மறத்தலாகாது. திறந்த வெளியில் ஒரு காரை நிறுத்துவதற்கு 23 சதுர மீட்டர் வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டுக்குரிய பெருந்திட்டத்தின் அளவு. ஒரு சிறு குடும்பம் வாழும் அறைக்கு அத்தனை இடம் பலருக்குக் கிட்டுவதில்லை.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யக் கூடியது

பெருந்திட்டத்தின் வரைவு, மக்களின் ஆட்சேபணைகளுக்கும் யோசனைகளுக்கும் உரியதாக வெளியிடப்பட வேண்டும் என்பது சட்டத்தின் விதி. ஆனால் பொதுப்படையான முறையீட்டைக் காட்டிலும், அளந்து எழுதிய குறிப்பே வலிமையுடையது. ஆசிரியர்கள் மேல் வகுப்பு மாணவர்களைக் கொண்டு, பள்ளி வளாகத்தினுள் 14 மீட்டர் தூரத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து மேற்சொன்ன கணக்கை விளக்கலாம். பள்ளி வாயிலின் எதிரேயுள்ள சாலையைக் கடக்கத் தேவையான காலத்தையும் கணக்கிடலாம். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 21 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடப்பதற்கு 17½ வினாடிகள் ஆகும். அங்குள்ள சைகை விளக்கு அத்தனை நேரம் தருகின்றதா என்பதைப் பாதுகாப்பாக ஓரத்தில் நின்று கவனித்து எழுதலாம். களப்பணியாளர்கள் விபத்து நேர்ந்த இடங்களையும், நடைபாதை அறுபட்ட இடங்களையும், விளக்கற்ற இடங்களையும் குறித்து உள்ளாட்சி மன்றத்திற்கு அனுப்பலாம். 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பாதுகாப்புத் தரங்களின்படி சாலையை அமைக்கத் தவறி, அதனால் மரணமோ ஊனமோ நேருமாயின், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கின்றது. ஆதலின் இத்தகைய குறிப்புக்களுக்குச் சட்டத்தின் ஆதரவும் உண்டு.

இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுதி அலமாரியில் வைப்பதற்குரிய நூலன்று நகரத் திட்டம். உழவர் பருவந்தோறும் வரப்பைச் செப்பனிடுவதுபோல, ஆண்டுதோறும் அளந்து, ஒப்பிட்டுத் திருத்தி வர வேண்டிய ஒன்று அது. ஏழு வயதுக் குழந்தை ஒன்று துணையின்றித் தன் பள்ளிக்கு நடந்து செல்ல இயலுமா என்பதே அத்திட்டத்தைச் சோதிக்கும் உரைகல்லாகும்.