மீந்த கீரை யார் கணக்கில்?

கோபாலபுரத்தில் எங்கள் கடை சின்னது. ஔவை சண்முகம் சாலைக்கும் கதீட்ரல் சாலைக்கும் நடுவில், ஒரு வீட்டின் முன்பகுதியில் நடத்துகிறோம். திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கத்து இயற்கை உழவர்கள் அனுப்புகிற கீரை, காய், மரபு அரிசி, சிறுதானியம்தான் சரக்கு. கணக்கு முழுக்க நோட்டில். வரவு நோட்டு ஒன்று, பில் புத்தகம் ஒன்று, அழுகியது, வாடியது எழுத கழிவு நோட்டு ஒன்று.

போன ஆண்டு மே மாதம் ஒரு கல்லூரி மாணவி வந்து, "அங்கிள், உங்க கணக்கு நோட்டையெல்லாம் பார்க்கலாமா?" என்று கேட்டபோது எனக்குத் திக்கென்றது. வரித்துறையோ என்று நினைத்துவிட்டேன். விஷயம் வேறு.

சென்னை ஐஐடி 2020-இல் தரவு அறிவியலுக்கு இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. இதற்கு ஜேஇஇ எழுத வேண்டியதில்லை. சில வாரம் பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வகுப்பு வீட்டிலிருந்தே, தேர்வு மட்டும் நேரில் போய் எழுத வேண்டும். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கிறவர்கள் உண்டு. இந்தப் படிப்பில் வணிகத் தரவு மேலாண்மை என்று ஒரு செயல்திட்டம். மாணவர் ஒரு தொழிலைத் தேடிப் போய், அங்கே உள்ள சிக்கலைக் கேட்டு, அவர்களின் கணக்கை ஆராய்ந்து, தீர்வு எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய கம்பெனியாக இருக்கணும் என்றில்லை. தெருமுனைக் கடையே போதும். பல்கலைக்கழகமும் தொழிலும் கைகோப்பது என்றால் கோட்டு சூட்டு போட்டுக் கையெழுத்துப் போடுவது என்று நினைத்திருந்தேன். இங்கே கூட்டாளி நம்ம கீரைக்கடை.

புடைத்து எடுத்த கணக்கு

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாத நோட்டை அவர் எக்செல்லில் ஏற்றினார். அதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு பக்கம் 'முருங்கை' என்று எழுதியிருப்பேன். அது காயா, கீரையா? ஓரிடத்தில் கட்டு, ஓரிடத்தில் கிலோ. சில நாள் தேதியே இல்லை. ஆராய்ச்சியில் பாதி வேலை இந்தச் சுத்தம் செய்வதுதான் என்றார். நெல்லைத் தூற்றிப் புடைக்காமல் உலையில் போட முடியுமா? அதே கதைதான்.

அப்புறம் ஒரு படம் போட்டுக் காட்டினார். நாங்கள் ஞாயிறு, புதன், வெள்ளி மூன்று நாளும் 80 கட்டு கீரை எடுப்போம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடும். புதன் பரவாயில்லை. ஞாயிறு 30 கட்டுக்குக் குறையாமல் மீந்தது. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் பாதி வீட்டில் கறிக்குழம்பு, இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மூன்று நாளுக்கும் ஒரே ஆர்டர்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

மீந்த கட்டுகளைக் கழிவு நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் உழவருக்குக் கொடுக்கும் பணத்தில் கழித்துக்கொள்வேன். பல கடைகளில் இதுதான் வழக்கம். அந்தப் பெண் குழந்தைத்தனமாக ஒரு கேள்வி கேட்டார்: "ஆர்டர் போட்டது நீங்கதானே அங்கிள்? மீந்தா ஏன் அவங்க கணக்குல கழிக்கிறீங்க?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. உழவருக்கு நியாய விலை என்று கடை வாசலில் போர்டு வைத்திருக்கிறவன் நான்.

கணினிக்குத் தெரியாதது

அவருக்கும் புரியாத இடங்கள் இருந்தன. வாழைக்காய், அவரை, பூசணி மூன்றும் திடீரென்று ஒரு நாள் தீர்ந்துபோகும். மாதவாரி அட்டவணையில் தேதி ஒத்துவரவில்லை. கடையில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் காட்டினேன். 29, 30 நாளுக்கு ஒருமுறை வருகிற அமாவாசை! உடனே திதிக்கென்று ஒரு பத்தி சேர்த்தார்.

இரண்டாவது, பரேட்டோ விதி. வில்ஃப்ரெடோ பரேட்டோ என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் நிலவுடைமையைக் கணக்கிட்டார். ஏறக்குறைய 80 விழுக்காடு நிலம் 20 விழுக்காட்டினர் கையில் இருந்ததாகக் கண்டார். இன்று அதை வைத்து, எந்தச் சில பொருள்கள் பெரும்பங்கு விற்பனை தருகின்றன என்று கடைக்காரர்கள் பார்க்கிறார்கள். நிலம் யார் கையில் என்பதில் தொடங்கிய கணக்கு, எந்தப் பொருளை அலமாரியிலிருந்து தூக்கலாம் என்பதில் வந்து நிற்கிறது. எங்கள் கடையில் கடைசியில் நின்றவை குதிரைவாலி, பூங்கார், சிறுகிழங்கு. "இதையெல்லாம் நிறுத்திடலாம்" என்று முதலில் எழுதியிருந்தார். நாங்கள் வாங்குவதை நிறுத்தினால் உழவர் விதைப்பதை நிறுத்துவார், விதை போய்விடும் என்று விளக்கினேன். இறுதி அறிக்கையில் மாற்றி எழுதினார்: நிறுத்த வேண்டாம், முன்கூட்டியே பதிவு வாங்கி அளவாகத் தருவியுங்கள் என்று. அந்த யோசனை நன்றாகவே வேலை செய்கிறது.

மூன்றாவது, நோட்டில் இல்லாத ஆட்கள். கேட்டு, இல்லை என்று சொன்னதும் திரும்பிப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை 80 கட்டு விற்றது என்பது தெரியும். எத்தனை பேர் வெறுங்கையோடு போனார்கள் என்பது தெரியாது. அதற்காக இப்போது 'இல்லை நோட்டு' ஒன்று வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிறு ஆர்டரைக் குறைக்கச் சொன்ன அறிக்கையில் புரட்டாசி இல்லை. நான்கு மாதக் கணக்கில் அது எப்படி வரும்? பல வீடுகளில் கறி நிறுத்துகிற மாதம் ஆயிற்றே. நாங்களாகவே கூட்டிப் போட்டோம், மீறவில்லை. ஓர் ஆண்டாவது முழுதாக எழுதாத கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது.

"எனக்கும் ஒரு காப்பி குடுங்க"

இப்போது எங்கள் கடையில் விதி இது: வந்து இறங்கும்போதே சேதமானது உழவர் கணக்கு, நாங்கள் கேட்டு வாங்கி மீந்தது கடைக் கணக்கு. சிறுகீரை விதைத்து 25 நாள் வாக்கில் பறிப்புக்கு வரும். அதனால் அடுத்த மாதத் தேவையைக் கிழமைவாரியாக ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுகிறோம். அந்த நான்கு மாதத்தில் ஞாயிறு மீந்ததற்குப் பிடித்த பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

பணத்தை வாங்கிக்கொண்ட திருவள்ளூர் பக்கத்து அக்கா ஒருவர் சொன்னார்: "பணம் கெடக்கட்டும் சார். அந்தக் கணக்குல எங்க கீரைதான இருக்குது? எனக்கும் ஒரு காப்பி குடுங்க."

அவர் கேட்டது சின்ன விஷயமில்லை. 2021 ஏப்ரலில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தோடு, 6 மாநிலங்களில் 100 கிராமங்களுக்கான முன்னோடித் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது. உழவர் தரவு யாருக்குச் சொந்தம் என்று பல விவசாய அமைப்புகள் கேள்வி எழுப்பின. அந்தக் கேள்வி கம்பெனிக்கு மட்டுமில்லை, என் கழிவு நோட்டுக்கும் பொருந்தும். கணக்கு என் கையில் மட்டும் இருந்தவரை, மீந்ததெல்லாம் உழவர் தலையில்தான் விழுந்தது.

நாம் செய்யக்கூடியது

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் வழி உண்டு. வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் ஊரக வேளாண் பணி அனுபவத்துக்காகக் கிராமங்களில் தங்குகிறார்கள். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில், தொழில் நிறுவனங்களோடு சேர்ந்து கல்லூரிகளில் திறன் பயிற்சி நடக்கிறது. பயிற்சிக்கு அவர்களுக்கு உண்மையான கணக்கு வேண்டும். நமக்குக் கணக்கைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். பக்கத்துக் கல்லூரியில் போய்க் கேளுங்கள்.

போகுமுன் நோட்டைத் தயார் செய்யுங்கள். தேதி, கிழமை, திதி, பொருள், அனுப்பியது, விற்றது, மீந்தது, விலை: இந்த எட்டுப் பத்தி போதும். ஒரு பொருளுக்கு ஒரே பெயர், ஒரே அளவு. தொலைபேசி எண், வங்கிக் கணக்கு, ஆதார் எதையும் கொடுக்காதீர்கள். அறிக்கையைத் தமிழில் கேளுங்கள். மாணவர் போன பிறகும் நாமே தொடரும்படி, அந்த எக்செல் கோப்பையும் வாங்கி வையுங்கள்.

கடைக்குச் சரக்கு அனுப்புகிறவர் என்றால், உங்கள் கழிவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று இந்த வாரமே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். என்னிடம் ஒரு மாணவி வந்து கேட்கிறவரை யாருமே கேட்கவில்லை.