நிழல் காட்டும் நிலவு

நிலவைத் தொலைநோக்கிவழி ஒளிப்படம் எடுக்க விரும்புவோர் பலர் முழுநிலவு நாளுக்காகக் காத்திருப்பர். ஆயினும், நிலவின் மலைகளும் கிண்ணக்குழிகளும் மிகக் குறைவாகப் புலப்படும் நாள் அதுவே. அன்று, காண்போரின் முதுகுப்புறமிருந்து வருவதுபோலக் கதிரொளி நிலவின்மீது நேராக விழுகிறது. நிழல்கள் மறைய, மேடுபள்ளங்கள் சமதளமாகத் தோன்றுகின்றன.

பிறைநாள்களில் நிலை வேறு. வளர்பிறையில், நிலவின் ஒளிப்பகுதியும் இருட்பகுதியும் சந்திக்கும் எல்லை, அங்குச் சூரியன் உதிக்கும் இடமாகும். தேய்பிறையில் அது சூரியன் மறையும் இடம். அங்குச் சாய்வாக விழும் ஒளியில் சிறு குன்றும் நீண்ட நிழலை வீழ்த்துகிறது. அவ்வெல்லைக்கு அப்பால், இருளுக்குள் மின்னிய புள்ளிகளைக் கலிலியோ கண்டார். அவை ஒளிபட்ட மலைமுகடுகள் என உணர்ந்து, உயரத்தையும் கணக்கிட்டு, 1610இல் வெளியிட்டார். நிலவு வழுவழுப்பான கோளம் என்னும் நெடுங்கால நம்பிக்கையை அது அசைத்தது.

கலிலியோ தாம் கண்டதைக் கையால் வரைந்தார். 1840இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர், வெள்ளி பூசிய செப்புத்தகட்டில் நிலவின் உருவைப் பதித்தார். அதற்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் தேவைப்பட்டன. புவியின் சுழற்சியால் நிலவு தன் விட்டத்தளவு தொலைவை வானில் 2 நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் கடந்துவிடுகிறது. ஆகவே, அதன் நகர்வை ஈடுசெய்யும் அமைப்பும் வேண்டியிருந்தது. இன்றைய மின்னணு ஒளிப்படக்கருவிக்கு, நொடியில் நூறில் ஒரு பங்கு நேரமே பெரும்பாலும் போதும்.

தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையை நீக்கி, அவ்விடத்தில் ஒளிப்படக்கருவியைப் பொருத்தலாம். அப்போது உருவின் அளவைக் குவியத்தூரமே முடிவுசெய்கிறது. குவியத்தூரம் 1000 மி.மீ. எனில், நிலவின் உருவம் ஏறத்தாழ 9 மி.மீ. விட்டம் கொண்டிருக்கும்.

ஒளியேற்கும் நேரமோ நிலவின் நிலைக்கேற்ப மாறும். முழுநிலவில் ஒளிரும் பரப்பு அரைநிலவைப்போல் இருமடங்கே. அது தரும் ஒளியோ ஏறத்தாழப் பத்து மடங்கு. முழுநிலவுக்குப் பொருத்திய நேரத்தில் அரைநிலவைப் படமெடுத்தால், நிழல் எல்லையிலுள்ள நுண்விவரங்கள் இருளில் மறைந்துவிடும். எனவே, ஒவ்வொரு பிறைக்கும் வெவ்வேறு கால அளவுகளில் பல படங்கள் எடுத்து ஒப்பிடுதல் நன்று. நிலவு வானில் உயர்ந்திருக்கையில் எடுப்பதால் காற்றின் அலைவால் நேரும் மங்கலும் குறையும்.

முழுநிலவுப் படமும் வீணன்று. டைக்கோ கிண்ணக்குழியிலிருந்து விரியும் வெண்கீற்றுகள் அன்றுதான் நன்கு புலப்படும். 29.5 நாள் சுழற்சியில் ஒளியின் கோணம் மாறிக்கொண்டே இருப்பதால், ஒரே குழி ஒவ்வோர் இரவும் வேறு தோற்றம் தருகிறது. அத்தோற்றங்களை வரிசையாக ஒப்பிடும்போதே நிலவின் மேடுபள்ளங்கள் முழுமையாக விளங்கும்.