பெங்களூர் பெயரில் ஒரு குழாய்

நமது ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து அல்சூர் ஏரிக்கு நடந்தே போய்விடலாம். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் அங்குதான் இருக்கிறது. ராணுவத்தில் 'தம்பி' என்று செல்லமாக அழைக்கப்படும் வீரர்கள் இவர்கள். தமிழ்க் குடும்பங்கள் பல கன்டோன்மென்ட் பகுதியில் வேரூன்றியதற்கு ராணுவமே காரணம் என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. இந்தப் படையால் பெங்களூருக்குக் கிடைத்த ஒரு பெயரை மட்டும் நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

1912-ல் இப்படையைச் சேர்ந்த காப்டன் மெக்ளின்டாக் ஒரு கருவியை உருவாக்கினார். பார்த்தால் வெறும் குழாய்தான். பிற்காலத்தில் அமெரிக்கர்கள் செய்த குழாய் ஒவ்வொன்றும் 5 அடி நீளம். உள்ளே வெடிமருந்து. துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கச் செய்தால், ஆள் நுழைய வழி பிறக்கும். மண்ணில் குத்தி நிற்காமல் இருக்க, முனையில் வழவழப்பான ஒரு மூக்கு. குழாய்களோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு, அந்த மூக்குதான் பிடித்தது! இதன் பெயர் 'பெங்களூர் டார்பிடோ'. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் முள்வேலிகளை உடைத்ததும் இதுவே.

ஆனால் இதைத் தள்ள ஒருவன் குண்டு மழையில் ஊர்ந்து போக வேண்டும். இன்று உக்ரைனில் ஒருவர் பல மைல் தள்ளி, பதுங்கு அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி சிறு டிரோனை ஓட்டுகிறார். ஒரு மோட்டார் சைக்கிள் விலைகூட இல்லாத பொருள், கோடிக்கணக்கில் விலையுள்ள டாங்கியை எரித்துவிடுகிறது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் 4 நாள் மோதியபோதும் ஏவுகணைகளும் டிரோன்களுமே முன்னின்றன. காலாட்படைகள் எல்லை தாண்டவில்லை.

அப்படியானால் போர் குறைகிறதா? குறைகிறது என்று 2011-ல் ஸ்டீவன் பிங்கர் தடித்த புத்தகமே எழுதினார். உலகப் போர்களோடு ஒப்பிட்டால் சாவு குறைவுதான், மறுக்க முடியாது. ஆனால் உப்சாலா பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி 2024-ல் அரசுகள் பங்கேற்ற மோதல்கள் 61. 1946-க்குப் பிறகு இதுவே அதிகம். பெரும்பாலானவை உள்நாட்டுச் சண்டைகள். ஆயுதம் நவீனமானால் சாவு குறையும் என்பதும் சரியல்ல. 1994-ல் ருவாண்டாவில் சுமார் 100 நாட்களில் 8 லட்சம் பேர் மாண்டது பெரும்பாலும் வெட்டுக்கத்தியாலும் தடியாலும்தான்.

ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு கவலை உண்டு. முன்பெல்லாம் போர் என்றால் படையையும் தளவாடத்தையும் சுமந்து எத்தனையோ ஸ்பெஷல் ரயில்கள் ஓட வேண்டும். அந்தச் செலவும் தாமதமும் அரசுகளைச் சற்று யோசிக்க வைத்தன. மலிவான டிரோனுக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. தொடங்குவது எளிதாகிவிட்டது.

முடிப்பது மட்டும் பழையபடியேதான். இலங்கையில் 2009-ல் போர் ஓய்ந்தது. ஆண்டுகள் பல கடந்தும் வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை தீரவில்லை. அதைச் செய்பவர்களில் பெண்கள் பலர். முகத்தை மறைக்கும் கவசம் அணிந்து, மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கையாலேயே கிளறுகிறார்கள்.