நாற்பதைக் கடந்தோரும் கருத்தடைக் குளிசையும்

நம்முடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், வயது 46. கணவரை இழந்து ஆண்டுகள் எட்டாகின்றன. வகுப்பிலே எப்போதும் நின்றபடியே பாடஞ் சொல்பவர், சென்ற ஆண்டின் இரண்டாந் தவணையில் நாற்காலியை விட்டு எழுவதையே தவிர்க்கலானார். வெளிர்நிறச் சேலைகளை விரும்பியவர் கருநீலமும் கடும் மண்ணிறமுமாகவே உடுத்தி வந்தார். ஒரு நாள் மாடிப்படியிலே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அருகிற் சென்று வினவிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. மாதவிலக்கு இரண்டு மாதம் வாராதிருந்து, பின் வந்து, 15 நாளாகியும் நில்லாமற் பெருகிக்கொண்டிருந்தது. வைத்தியரிடம் போனதுண்டா என்றோம். போனதுண்டு, மருந்து வாங்கியதுமுண்டு, அம்மருந்து அலுமாரியின் அடித்தட்டிலே சேலைகளுக்குக் கீழே கிடக்கின்றது என்றார். காரணம், அது கருத்தடைக் குளிசை.

"மருந்துக்கடைப் பெடியன் என்னை ஏற இறங்கப் பார்த்தான், ரீச்சர். மகள் கண்டால் என்ன நினைப்பாள்? புருஷன் இல்லாத எனக்கு இது என்னத்துக்கு?"

அவருடைய கேள்வி நம்மூரிற் பல பெண்கள் கேட்க நாணி மனத்துள் வைத்திருக்கும் கேள்வியே. அவரது சம்மதத்துடன் அதற்கு விடை கூற முயல்கின்றோம்.

பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் மாதவிலக்கு முற்றாக நின்றுவிடுகின்றது. தொடர்ந்து 12 மாதம் வாராதிருந்தாலே அது நின்றுவிட்டதெனக் கொள்வது வைத்தியர் வழக்கம். ஆனால் விளக்கு அணைவது போல் அது ஒரே நாளில் நிற்பதில்லை. அதற்கு முன்னர்ச் சில ஆண்டுகள் தடுமாற்றம் நிகழும். சூலகத்திலிருந்து மாதந்தோறும் முட்டை வெளிவரும் ஒழுங்கு குலையும். இதனாற் கருப்பையிலே விளைவது என்ன என்பதைத் தோட்டக்காரர் எளிதில் உணர்வர். ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் கருப்பையின் உட்படலத்தை வளர்ப்பது. கிணற்று நீரை வாய்க்காலிற் பாய்ச்சுவது போன்றது. முட்டை வெளிவந்த பின் சுரக்கும் புரொஜெஸ்தரோன், தக்க வேளையில் மடையைக் கட்டுபவனை ஒத்தது. முட்டை வெளிவராத மாதத்தில் மடை கட்டுபவன் வருவதில்லை; நீரோ பாய்ந்துகொண்டேயிருக்கும். உட்படலம் மிகத் தடித்து, நிலைகொள்ளாது, கண்டபடி உதிரும். நாள் தவறுவதும், வந்தால் நில்லாது பெருகுவதும் பெரும்பாலும் இதனாலேயே.

கருத்தடைக் குளிசை இவ்விரு ஓமோன்களின் வேலையையும் செய்யவல்ல மருந்துகளைச் சிறு அளவில் நாள்தோறும் ஒரே சீராகத் தருகின்றது. சூலகம் ஓய்வு கொள்ளுகின்றது. உட்படலம் மெல்லியதாகவே இருக்கின்றது. 21 நாள் மருந்துக் குளிசையும் பின் 7 நாள் இடைவெளியுமாக எடுப்பதே வழக்கம். அந்த இடைவெளியிலே சிறு உதிரப்போக்கு உண்டாகும். 28 குளிசை கொண்ட அட்டைகளிற் கடைசி 7 குளிசைகளிலே கருத்தடை மருந்து இல்லை; சிலவற்றில் இரும்புச் சத்து மட்டும் உண்டு. பலருக்கு இரண்டு மூன்று மாதங்களில் நாள் ஒழுங்குபடும்; போக்கும் குறையும்; உடலிலே திடீரெனத் தீப்போற் பரவும் வெப்பமும் தணியும். கணவருடன் வாழ்வோருக்கு வேறொரு பயனும் உண்டு. நாள் தவறத் தொடங்கிவிட்டதென நம்பி, 45 வயதிற் கருவுற்றுத் திகைத்தவர்கள் நம் ஊர்களில் இல்லாமலில்லை.

இனி அந்தப் பெயரைப் பற்றி. இம்மருந்து உலகிற்கு முதன்முதல் வந்தபோது அதன் பெயர் கருத்தடையன்று. அமெரிக்காவில் கிரெகரி பிங்கஸ், ஜோன் றொக் முதலியோர் ஆராய்ந்து உருவாக்கிய ‘எனோவிட்’ என்னும் குளிசைக்கு 1957ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அனுமதி வழங்கியது மாதவிலக்குக் கோளாறுகளுக்கு மருந்தாகவே. கருத்தடைக்கு உதவுமென்ற அனுமதி 1960இலேதான் கிடைத்தது. அக்காலக் குளிசையின் ஓமோன் அளவு இன்றையதிலும் பன்மடங்கு பெரிது. ஆகவே மாதவிலக்குச் சீர்கேட்டுக்கு இதனைக் கொடுக்கும் வைத்தியர் புதுமையாக எதுவும் செய்யவில்லை. மருந்தை அதன் முதல் வேலைக்கே திருப்பியழைக்கின்றார்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லாமல் விட மனமில்லை. கோயிற் கொடியேற்றம், வீட்டிலே கலியாணம் என்றால், நாளைத் தள்ளிப்போடவென நோரெதிஸ்தரோன் குளிசையை நம் பெண்கள் கூசாமல் வாங்கி விழுங்குகின்றனர். தாய்மாரே மகளிர்க்கு வாங்கிக் கொடுக்கின்றனர். அந்த நோரெதிஸ்தரோனும் கருத்தடைக் குளிசைகள் சிலவற்றிற் சேரும் சரக்கே! திருவிழாவுக்கென்றால் மருந்து, குருதிச்சோகையைத் தடுக்கவென்றால் மட்டும் மானக்கேடா?

எனினும், எல்லாருக்கும் ஏற்ற மருந்தென்று இதனை நாம் கூறவில்லை. நம் அயலிலே ஒரு பெண்மணி, தமக்கையிடம் மிஞ்சியிருந்த அட்டையொன்றைப் பெற்றுத் தாமாகவே விழுங்கத் தொடங்கினார். அவருக்குக் குருதியமுக்கம் மிகுதியாக இருந்தது. அளந்து பார்த்ததில்லையாதலால் அவர் அறியார். குடும்பநல மாது தற்செயலாக வந்து விசாரித்துத் தடுத்திராவிடின் என்ன நேர்ந்திருக்குமோ!

இக்குளிசை குருதி உறையும் இயல்பைச் சற்றுக் கூட்டுகின்றது. குளிசை எடுக்காத 10,000 பெண்களில் ஓராண்டில் ஏறத்தாழ 2 பேருக்கு நாளங்களிற் குருதிக்கட்டி தோன்றுமாயின், லெவோனோர்ஜெஸ்ட்ரல் சேர்ந்த குளிசையை எடுப்போரில் 5 முதல் 7 பேருக்கும், டெசோஜெஸ்ட்ரல், ட்ரோஸ்பிரினோன் சேர்ந்தவற்றை எடுப்போரில் 9 முதல் 12 பேருக்கும் தோன்றுமென்பது ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2013இல் வெளியிட்ட கணக்கு. சிறு எண்ணிக்கைதான், ஆனால் வயது ஏற ஏற அதுவும் ஏறும். ஆதலின் குருதியமுக்கம் மிகுந்தோர், முன்னர்க் குருதிக்கட்டியோ பாரிசவாதமோ இருதய நோயோ கண்டோர், மார்புப் புற்றுநோய் கண்டோர், கடும் ஈரல் நோயுடையோர், கண்முன் மின்னல் போல் ஒளி தோன்றி ஒற்றைத் தலைவலி வருவோர், 35 வயதைக் கடந்தும் புகைப்போர் ஆகியோருக்கு இது ஆகாது. (சுருட்டுப் பிடிக்கும் ஆச்சிமார் இப்போது அருகிவிட்டனர், ஆயினும் சொல்லி வைப்பது நன்று.) காசநோய்க்கு ரிபாம்பிசின் எடுப்போரும், வலிப்புக்கு பெனிற்றோயின், கார்பமசெப்பின் போன்றவற்றை எடுப்போரும் அதனை வைத்தியரிடம் மறவாது சொல்ல வேண்டும்; அம்மருந்துகள் குளிசையின் வலுவைக் குறைப்பன. குளிசை எடுக்குங் காலத்தில் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ தாமதியாது ஆஸ்பத்திரிக்குப் போதல் வேண்டும். மார்புப் புற்றுநோயின் வாய்ப்பு எடுக்குங் காலத்தில் சிறிது கூடுகின்றது. கருப்பை உட்படலத்திலும் சூலகத்திலும் வரும் புற்றுநோய்களின் வாய்ப்போ குறைகின்றது.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்றுண்டு. 45ஐக் கடந்தவருக்குத் தாறுமாறான உதிரப்போக்கு உண்டானால், காரணம் இன்னதென அறிந்த பின்னரே குளிசை. ‘இந்த வயதில் இப்படித்தான்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வார்த்தை பெரும்பாலும் மெய்யாகலாம். ஆனால் கருப்பைக் கட்டியும், தைரொயிட் குறைபாடும், உட்படலப் புற்றுநோயும் இதே உருவிலேதான் வந்து நிற்கும். ஸ்கான் எடுத்தும், வேண்டுமாயின் உட்படலத்திலிருந்து சிறு துணுக்கெடுத்துச் சோதித்தும் வைத்தியர் தெளிவர். நம் நாட்டிலே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளைச் சார்ந்து நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகள் இதற்கு நல்ல முதற்படி. குருதியமுக்கம், மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவற்றைக் கட்டணமின்றி அங்கே சோதிக்கின்றனர். குளிசை ஒவ்வாதோருக்கு வேறு வழிகளும் உண்டு. கருப்பையினுள் வைத்து லெவோனோர்ஜெஸ்ட்ரலைச் சிறிது சிறிதாக வெளிவிடும் சாதனம் பெரும்போக்கை மிகவும் குறைக்கவல்லது.

எவ்வளவு காலம் எடுப்பது? பொதுவாக 50 வயதில் இதனை நிறுத்தி வேறு முறைக்கு மாற்றுவர். குளிசை எடுக்குங் காலத்தில் மாதந்தோறும் வருவது இயற்கையான மாதவிலக்கன்று; ஆதலால் அதை வைத்து ‘இன்னும் நிற்கவில்லை’ என்று முடிவு கட்டுதல் கூடாது. நின்று ஓராண்டு கழிந்த பின் ஒரு சொட்டு உதிரம் கண்டாலும் மீண்டும் வைத்தியரிடம் போயே ஆக வேண்டும்.

நம் ஆசிரியைக்கு ஸ்கானும் துணுக்குச் சோதனையும் குளிசை எழுதும் முன்னரே முடிந்திருந்தன. குற்றம் எதுவும் காணப்படவில்லை. குருதியமுக்கமும் சீராகவே இருந்தது. கெட்டது ஒளித்து வைத்த இரண்டு மாதத்திலேதான். அதற்குள் ஹீமோகுளோபின் 7.8க்கு இறங்கிவிட்டது. 12க்குக் குறைந்தாலே குருதிச்சோகை. இப்போது நான்காம் அட்டை நடக்கின்றது. கூடவே இரும்புக் குளிசையும். சென்ற கிழமை பார்த்தபோது 11 இருந்ததாம். அட்டையும் அலுமாரியை விட்டு வெளியேறிச் சமையலறை மணிக்கூட்டின் அருகில் இருக்கின்றது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள்தான் இரவு எட்டரைக்குக் குரல் கொடுப்பவளாம்: "அம்மா, குளிசை போட்டாச்சே?"