ஆட்டக்களமும் கல்லூரிக் கணக்கும்

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்பது வட்டார மக்களுக்கென அமைந்த ஈராண்டுக் கல்லூரி. கட்டணம் குறைவு, வரிப்பணமே அதனைத் தாங்குகிறது. அத்தகைய இடத்தில் ஓட்டமும் பந்தாட்டமும் எதற்கு என நாம் கேட்கலாம். பணமுடை நேருந்தோறும் அங்குள்ளோரும் அதையே கேட்கின்றனர். பயிற்சியாளர் சம்பளம், வெளியூர்ப் பஸ் வாடகை, காயத்துக்கு வைத்தியம் என்று செலவு வளர, நுழைவுச்சீட்டு வரும்படியோ சொற்பம்.

ஆயினும் செலவேட்டை மட்டும் புரட்டினால் நாம் ஏமாந்துபோவோம். கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆட்டக்காரர் என்பதற்காக உதவித்தொகை கிடையாது. ஆட்டப் பருவத்தில் 12 அலகுப் பாடங்களேனும் படிப்பவரே அணியில் இடம்பெறலாம் என்பது விதி. அரசு மானியத்தின் பெரும்பகுதியோ மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. முப்பது பேர் கொண்ட அணியைக் கலைத்தால், ஆட்டத்துக்காகவே வந்தவர்கள் படிப்பையும் விட்டு விலகக்கூடும். அவர்களுக்குரிய மானியமும் உடன் போகும். இவ்வரவு விளையாட்டுத் துறையின் பெயரில் பதிவாவதில்லை என்பதே சங்கடம். வெட்டுவோர் கண்ணில் பஸ் வாடகைதான் படும்.

1947-இல் பேஸ்பால் பெருங்களத்தின் நிறத்தடையைத் தகர்த்த ஜாக்கி ராபின்ஸன், அதற்குப் பத்தாண்டு முன்னர் பாஸடினாவின் ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்து ஆடியவர்.